விதி தெரிந்தும் எழுதும்போது அதே பிழை: இந்த ஏழு ஆங்கில வாக்கியங்களில் என்ன தவறு, ஏன் தவறு?

படிக்கும்பிள்ளை (கேள்வி)

வணக்கம். எழுத்துப் பயிற்சியில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட ஏழு வாக்கியங்களைக் கீழே தருகிறேன். தவறு என்று குறித்திருக்கிறார்களே தவிர, காரணம் எழுதவில்லை.

1. "ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்."
2. "ஐ டிட் நாட் வென்ட்."
3. "ஐ ஹேவ் மெட் ஹிம் யெஸ்டர்டே."
4. "வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி ப்ராப்ளம்."
5. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் டோல்ட் மீ."
6. "இஃப் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்."
7. "ஐ பாட் புக். புக் இஸ் குட்."

விதிகளைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்ல வருகிறது. எழுத உட்கார்ந்தால் பழைய பிழைதான் முதலில் வந்து நிற்கிறது. தமிழில் யோசித்து எழுதுவதால் இப்படி ஆகிறதா? அப்படியென்றால் தமிழில் யோசிப்பதையே விட்டுவிட வேண்டுமா, அல்லது அதை வைத்தே திருத்திக்கொள்ள வழி இருக்கிறதா?

வேற்றுமைஉருபு

தமிழில் யோசிப்பதை விட வேண்டியதில்லை. இந்த ஏழில் பலவற்றுக்குத் தமிழ் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. நாம் அதைக் கூர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். முதல் வாக்கியத்தையும் மூன்றாவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. சரியான வடிவம்: "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்."

"நோயிங்" ஏன் கூடாது? இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "நான்" என்று தொடங்க மாட்டீர்கள், "எனக்கு அவரைத் தெரியும்" என்றுதான் வரும். எனக்குத் தெரியும், எனக்குப் புரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இரண்டு அக்கா இருக்கிறார்கள். இவற்றுக்கு நேரான ஆங்கில வினைகள் நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வான்ட், ரிமெம்பர், ஹேவ். "-இங்" போடாதே என்று வகுப்பில் தரும் பட்டியலில் முதலில் இருப்பவையும் இவைதான். இவை நாம் செய்யும் செயல்கள் அல்ல, நம்மிடம் இருக்கும் நிலைகள். தமிழ் அதை நான்காம் வேற்றுமையால் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் "ஐ" என்றே போடுவதால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆகவே பட்டியலை உருப்போடுவதைவிட, "எனக்கு" வருகிறதா "நான்" வருகிறதா என்று பார்ப்பது வேகமான சோதனை. "எனக்கு" வந்தால் "-இங்" போடும் முன் நின்று யோசியுங்கள்.

பிழையின் ஊற்று "-கிறேன்" என்ற முடிவு. "தினமும் நடக்கிறேன்", "இதோ இப்போது நடக்கிறேன்" என்று இரண்டுக்கும் ஒரே வடிவம் போதும் நமக்கு. ஆங்கிலத்தில் முதலாவது "ஐ வாக்", இரண்டாவது "ஐ ஆம் வாக்கிங்". "-கிறேன்" என்றாலே "ஆம் -இங்" என்று கை பழகிவிட்டால் "ஐ ஆம் கோயிங் டு ஆஃபீஸ் டெய்லி" என்று வரும். "தினமும்", "எப்போதும்", "வழக்கமாக" போன்ற சொல் வாக்கியத்தில் இருந்தால் "-இங்" வேண்டாம்.

அடுத்து "சின்ஸ்". "ஐந்து வருடமாக" என்கிறோம். அந்த "-ஆக" வந்தால் "ஃபார்". "2019 முதல்", "காலையிலிருந்து", "திங்கட்கிழமையிலிருந்து" என்று தொடக்கப் புள்ளியைச் சொன்னால் "சின்ஸ்". இந்தப் பொருத்தம் பெரும்பாலும் ஏமாற்றாது.

ஏமாற்றுவது காலம். "இங்கே ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வது ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" ஆகும். "ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்று எழுதினால் இலக்கணம் சரி, பொருள் போச்சு. வேலையை விட்டுவிட்டதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வேலை விண்ணப்பத்தில் இது சிறிய தவறு இல்லை.

மூன்றாவது வாக்கியத்துக்கும் தமிழ்ச் சோதனை உண்டு. "அவரை நேற்று சந்தித்தேன்" என்போம். "அவரைச் சந்தித்திருக்கிறேன்" என்றால் எப்போதோ ஒருமுறை, அனுபவம் உண்டு என்று பொருள். "நேற்று சந்தித்திருக்கிறேன்" என்று யாராவது சொன்னால் நம் காதுக்கே ஒட்டாது. ஆங்கிலத்திலும் அதே உறுத்தல்தான். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ, இன் 2015 என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் நின்றால் "ஹேவ்" நிற்காது. "ஐ மெட் ஹிம் யெஸ்டர்டே."

தமிழ் உதவாத இடம் ஒன்று இங்கேயே இருக்கிறது. "அவர் அந்த ஊருக்குப் போயிருக்கிறார்" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. இப்போது அங்கேதான் இருக்கிறார் என்றால் "ஹி ஹேஸ் கான்". முன்பு போய்த் திரும்பிவிட்டார் என்றால் "ஹி ஹேஸ் பீன்". இதை மட்டும் ஒவ்வொரு முறையும் நிதானித்துத்தான் எழுத வேண்டும்.

இடைச்சொல்

2, 4, 6 மூன்றையும் பார்ப்போம்.

"டிட் நாட் வென்ட்" என்று எழுதுபவருக்குத் தமிழே பதில் சொல்லும். "போகவில்லை" என்பதைப் பிரித்தால் போக + இல்லை. "போன" + "இல்லை" சேர்த்துப் "போனவில்லை" என்று நாம் யாரும் சொல்வதில்லை. எதிர்மறையில் முதல் வினை வெறும் "போக" ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் "டிட் நாட்" முன்னால் வந்துவிட்டால் "கோ" வெறும் "கோ"தான். காலத்தைச் சுமக்க ஒரு ஆள் போதும், அந்த ஆள் "டிட்".

கேள்வியில்தான் தமிழ் நம்மை வழுக்கிவிடும். "போனாயா?" என்பதில் இறந்தகாலம் வினைக்குள்ளேயே இருக்கிறது, கடைசியில் "ஆ" மட்டும் சேர்கிறது. அந்தப் பழக்கத்தில் "டிட் யூ வென்ட்?" வரும். கேள்வி எழுதும்போது சந்தேகம் வந்தால் அதையே எதிர்மறையாக்கிப் பாருங்கள். "யூ டிட் நாட் கோ" சரியென்றால் "டிட் யூ கோ?" சரி. "டஸ்" வந்தாலும் இதே கதை. "ஹி டஸ் நாட் கோஸ்" என்பதில் அந்த "ஸ்" ஏற்கெனவே "டஸ்"க்குள் போய்விட்டது, மறுபடி "கோஸ்" எதற்கு? "கேன்", "வில்", "ஷுட்", "மஸ்ட்" இவற்றுக்குப் பின்னாலும் வெறும் வினைதான்: "ஹி கேன் ஸ்பீக்". "கேன் ஸ்பீக்ஸ்" கிடையாது, "கேன் டு ஸ்பீக்" கிடையாது.

ஆறாவது: "அவர் வந்தால் சொல்வேன்." "வந்தால்" என்பதில் எதிர்கால அடையாளம் எதுவும் இல்லை. எதிர்காலம் "சொல்வேன்" என்பதில் மட்டும் இருக்கிறது. ஆங்கிலமும் அப்படியே: "இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்." ஒரு "வில்" போதும். பிழை அதிகம் நுழைவது "வென்" வரும்போது, ஏனென்றால் "வரும்போது" என்பதில் நாம் எதிர்கால வடிவத்தை உண்மையாகவே பயன்படுத்துகிறோம். அதனால் "வென் ஹி வில் கம்" என்று எழுதத் தோன்றும். அங்கே "வரும்போது" என்பதை "வந்ததும்" என்று மாற்றி நினைத்துக்கொண்டு "வென் ஹி கம்ஸ்" என்று எழுதுங்கள். ஆஃப்டர், பிஃபோர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நான்காவது: "பிரச்சினையைப் பற்றிப் பேசினோம்" என்று மனதில் ஓடுகிறது. "பற்றி" என்பது "அபௌட்" ஆகி ஒட்டிக்கொள்கிறது. "டிஸ்கஸ்" என்பதை "அலசு" என்று மனதில் பதியுங்கள். "பிரச்சினையை அலசினோம்" என்றால் அங்கே "பற்றி"க்கு இடமே இல்லை. "வீ டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்." இந்த உத்தி வேறு வினைகளுக்கும் உதவும். "ரீச்" என்பதை "ஊருக்குப் போய்ச் சேர்" என்று நினைத்தால் "ரீச்ட் டு" வரும். "ஊரை அடை" என்று நினைத்தால் "டு" வராது. "மேரி" என்பதை "அவளுடன் கல்யாணம்" என்று நினைத்தால் "மேரீட் வித்" வரும், "அவளை மணந்தான்" என்றால் வராது. இரண்டாம் வேற்றுமை "ஐ" எடுக்கும் தமிழ் வினை ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் வேலை.

நேர்மாறான பிழையும் இருக்கிறது. "பாட்டைக் கேட்டேன்" என்பதில் "ஐ" இருக்கிறதே என்று "லிசன்ட் மியூசிக்" என்று எழுதிவிடக் கூடாது. எதைக் கேட்டோம் என்று சொல்லும்போது "லிசன்" "டு" கேட்கும். "எனக்கு விளக்கினார்" என்பதில் "கு" இருப்பதுபோல "எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ" என்பதில் "டு" வேண்டும். "டோல்ட் மீ" என்று பழகிய வாய் "எக்ஸ்ப்ளெயின்ட் மீ" என்று தாவுகிறது. "டெல்"லுக்கு "டு" வேண்டாம், "சே"க்கும் "எக்ஸ்ப்ளெயின்"க்கும் வேண்டும்.

படிக்கும்பிள்ளை

மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். "போனவில்லை" என்ற ஒரு சொல்லிலேயே இரண்டாவது தெளிந்துவிட்டது. ஒரு ஐயம்: "ஹேவ்" என்பதற்கு "-இங்" வராது என்றால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" என்பது நல்ல பாடநூல்களிலேயே வருகிறதே? ஏழாவது வாக்கியத்துக்கும் யாராவது விளக்கம் சொன்னால் உதவியாக இருக்கும். "எ", "தி" இரண்டும்தான் அதிகம் சுழிக்கப்படுகின்றன.

எழுவாய்

"எனக்கு / நான்" சோதனையையே அங்கேயும் வைத்துப் பாருங்கள். "ஹேவிங் லஞ்ச்" என்றால் "நான் சாப்பிடுகிறேன்". "நான்" வந்துவிட்டது, செயல், ஆகவே "-இங்" சரி. "ஹேவிங் எ கார்" என்றால் "எனக்கு ஒரு கார் இருக்கிறது", ஆகவே தவறு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. "திங்க்" அப்படித்தான்: "எனக்குத் தோன்றுகிறது" என்றால் "ஐ திங்க்", "நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றால் "ஐ ஆம் திங்கிங்". "சீ"யும் அப்படித்தான்: "எனக்குத் தெரிகிறது" என்றால் "ஐ கேன் சீ", "நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறேன்" என்றால் "ஐ ஆம் சீயிங் எ டாக்டர் டுமாரோ".

ஆனால் வேற்றுமைஉருபு சொன்ன சோதனைக்கு இரண்டு பக்கமும் விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். "நான் நம்புகிறேன்" என்கிறோம், இருந்தும் "ஐ பிலீவ்"தான். "கன்டெய்ன்" என்பதும் "எனக்கு" சோதனையில் சிக்காது, இருந்தாலும் "-இங்" ஏற்காது. மறுபக்கம், "எனக்கு வியர்க்கிறது" என்பது "ஐ ஆம் ஸ்வெட்டிங்". "எனக்கு" இருந்தும் "-இங்" வருகிறது, ஏனென்றால் அது உடலில் நடந்துகொண்டிருக்கும் ஒன்று. அறிவு, விருப்பம், உடைமை இம்மூன்றுக்கும் சோதனையை நம்பலாம். உடல் சார்ந்தவற்றுக்கு நம்ப வேண்டாம்.

இனி ஏழாவது. தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அது செய்யும் வேலையைத் தமிழ் வேறு இடத்தில் வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்:

"புத்தகம் வாங்கினேன்."
"புத்தகத்தை வாங்கினேன்."

முதலாவதைக் கேட்பவர் "என்ன புத்தகம்?" என்பார். இரண்டாவதைக் கேட்பவருக்கு எந்தப் புத்தகம் என்று ஏற்கெனவே தெரியும், அதனால் கேட்க மாட்டார். அஃறிணைப் பெயரில் "ஐ" உருபு இல்லையென்றால் பெரும்பாலும் "எ", இருந்தால் பெரும்பாலும் "தி". "ஐ பாட் எ புக்", "ஐ பாட் தி புக்". உயர்திணைக்கு இந்தச் சோதனை ஓடாது, "ஒரு பையனைப் பார்த்தேன்" என்று புதியவருக்கும் "ஐ" போட்டாக வேண்டும்.

எழுவாயாக வந்தால் உருபே இருக்காது. அங்கே "அந்த" என்பதைச் செருகிப் பாருங்கள். "புத்தகம் நன்றாக இருக்கிறது" என்பது "அந்தப் புத்தகம் நன்றாக இருக்கிறது" என்று ஆனாலும் பொருள் மாறவில்லை, ஆகவே "தி புக் இஸ் குட்". "நாய்கள் குரைக்கும்" என்பதில் "அந்த" செருகினால் பொருள் மாறிவிடுகிறது, ஆகவே "டாக்ஸ் பார்க்", "தி" வேண்டாம். சூரியன், நிலா போல ஒன்றே ஒன்று உள்ளவை, "தி பெஸ்ட்", "தி ஃபர்ஸ்ட்" போன்றவை இந்தச் சோதனைக்குள் வராது. அவற்றுக்குத் "தி" என்று நேரடியாகவே பதித்துக்கொள்ளுங்கள்.

"எ" வேண்டுமா "அன்" வேண்டுமா என்பதற்குத் தமிழ் எழுத்து ஒரு வரப்பிரசாதம். ஆங்கிலச் சொல்லை ஒலிப்படி தமிழில் எழுதுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் "அன்", மற்றதற்கு "எ". ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் சொல் ஒலிப்படி "அவர்", ஆகவே "அன் அவர்". "யுனிவர்சிட்டி" யு-வில் தொடங்குகிறது, ஆகவே "எ யுனிவர்சிட்டி". "எம்.எல்.ஏ." என்றால் "அன்", "வன்வே டிக்கெட்" என்றால் "எ". ஆனால் "எம்" என்பதை "யெம்" என்றும் "ஓன்லி" என்பதை "வோன்லி" என்றும் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. அதை விட்டால்தான் "அன் ஓன்லி சைல்ட்" என்பது சரியாகக் காதில் விழும்.

திருத்துகோல்

ஐந்தாவதை யாரும் தொடவில்லை. "என் நண்பர்களில் ஒருவர் சொன்னார்." தமிழில் "நண்பர்களில்" என்று பன்மை இருக்கிறது, பயனிலை ஒருமை. அப்படியே எழுதினாலே சரி: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் டோல்ட் மீ", நிகழ்காலமானால் "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஹேஸ்...". எண்ணுப் பெயரில் மட்டும் கவனம் தேவை. "மூன்று புத்தகம்" தமிழில் செல்லும், "த்ரீ புக்" செல்லாது. ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், இக்விப்மென்ட் இவற்றுக்கு "ஸ்" கிடையவே கிடையாது. எண்ண வேண்டுமென்றால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்".

விதி தெரிந்தும் பிழை வருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதும்போதே திருத்த முயல்வதுதான் காரணம். எண்ணத்தையும் இலக்கணத்தையும் ஒரே நேரத்தில் மனம் பிடித்து வைக்காது. 150 சொல்லில் ஒன்று எழுதுங்கள், பத்து நிமிடம் தள்ளி வையுங்கள், பிறகு நான்கு முறை தனித்தனியாகப் படியுங்கள்.

முதல் முறை வினைகளை மட்டும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று கோடு இழுத்துப் பாருங்கள். ஹி, ஷி, இட் அல்லது ஒருமைப் பெயர் வந்து, நிகழ்காலமும் என்றால் "ஸ்" இருக்கிறதா? எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நான்கைந்து சொல் புகுந்துவிட்ட வாக்கியங்களில்தான் இது தவறும். "தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர் ராங்" என்று எழுதியிருப்பீர்கள். தவறாக இருப்பது லிஸ்ட், நேம்ஸ் அல்ல, ஆகவே "இஸ்".

இரண்டாம் முறை டிட், டஸ், கேன், வில் ஆகியவற்றின் அடுத்த வினை. மூன்றாம் முறை நேரச் சொற்கள்: யெஸ்டர்டே, சின்ஸ், ஃபார், டெய்லி ஆகியவற்றை அடிக்கோடிட்டுக் காலத்தோடு பொருத்துங்கள்.

நான்காம் முறை பெயர்ச்சொற்கள். இதில் ஒரே கேள்விதான்: எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் எதுவாவது தனியாக நிற்கிறதா? "புக்" தனியாக நிற்காது. முன்னால் எ, தி, மை, திஸ், எவ்ரி என்று ஏதாவது ஒன்று வேண்டும், அல்லது அது "புக்ஸ்" ஆக வேண்டும். "பை பஸ்", "அட் ஹோம்", "கோ டு பெட்" போன்ற நிலைத்துவிட்ட சொற்றொடர்கள் விலக்கு. எந்த ஆர்ட்டிகிள் என்பதில் தடுமாறினாலும், ஏதோ ஒன்று வேண்டும் என்பதை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

நோட்டில் பிழையை எழுதும்போது தவறான வாக்கியத்தை எழுதி வைக்காதீர்கள். திருத்திய வாக்கியத்தையும் அதன் தமிழையும் அருகருகே எழுதுங்கள். கண் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் கையில் வரும்.

படிக்கும்பிள்ளை

நான்கு முறை படித்துப் பார்த்தேன், ஏழும் சரியாகிவிட்டன. புதிதாக ஒன்று எழுதினேன்: "ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் டிட் ஹி கோ." "டிட்"க்குப் பின் "கோ"தான் போட்டிருக்கிறேன். இது சரிதானே?

இடைச்சொல்

"டிட் கோ" என்ற இணை சரி. ஆனால் அது இங்கே வரக் கூடாது. தமிழில் இதைச் சொன்னால் "எங்கே போனார் என்று கேட்டேன்." "என்று" வந்துவிட்டால் உள்ளே இருப்பது இப்போது கேள்வி இல்லை, கேட்கப்பட்ட செய்தி. ஆகவே கேள்வியின் தலைகீழ் வரிசையும் "டிட்"டும் கலைந்து, சாதாரண வரிசை திரும்பும்: "ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் ஹி வென்ட்." அதேபோல "அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை" என்பது "ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்". "வேர் இஸ் ஹி" இல்லை.

இதில் ஆறாவது வாக்கியத்தோடு மோதும் இடம் ஒன்று உண்டு, இப்போதே பார்த்துவிடுங்கள். "அவர் வருவாரா என்று தெரியவில்லை" என்பது "ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்". இங்கே "இஃப்"க்குப் பின் "வில்" சரி. ஏனென்றால் இந்த "இஃப்" என்பது "வந்தால்" அல்ல, "வருவாரா என்று". அந்த இடத்தில் "வெதர்" போட்டுப் பாருங்கள். பொருந்தினால் "வில்" இருக்கலாம், பொருந்தாவிட்டால் எடுத்துவிடுங்கள்.